மிச்சம் வைக்கும் விசை

நான்கு போர் விமானங்கள் ஓர் அணியாகப் பறக்கும்போது முன்னால் போகிறவர் த்ராட்டிலைக் கடைசிவரை தள்ளமாட்டார். தள்ளினால் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும்தான். ஆனால் ஒரு திருப்பத்தில் பின்னால் வருகிறவர் சற்றுப் பிந்திவிட்டால், விட்டதைப் பிடிக்க அவருக்கு முன்னவரைவிடக் கூடுதல் வேகம் வேண்டும். இருவரும் முழு விசையில் ஓடினால் அந்த இடைவெளி மூடவே மூடாது. எரிபொருள் தீரும்வரை துரத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே தலைவர் தன் எஞ்சினின் விசையில் ஒரு சிறு பகுதியைத் தொடாமல் வைத்திருப்பார். அது இருப்பது அவருடைய விமானத்தில். உரிமை பின்னால் வருகிறவருக்கு.

நிஜ விமானப்படைகளின் இந்தப் பழக்கத்தை, வீட்டு மேசைமுன் உட்கார்ந்து கணினியில் பறக்கிறவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘டிசிஎஸ் வேர்ல்ட்’, ‘ஐஎல்-2’, ‘ஃபால்கன் பிஎம்எஸ்’ என்று சில போர் விமான சிமுலேட்டர்கள் உண்டு. விளையாட்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் எஞ்சினைக் கிளப்பி ஓடுபாதைக்கு வரவே பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும் விளையாட்டு. இதை இணையத்தில் சேர்ந்து ஆடுகிறவர்கள் ஸ்குவாட்ரன் அமைத்துக்கொள்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரம், வெவ்வேறு நாடுகளிலிருந்து பத்துப் பதினைந்து பேர். பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ஓர் உறவு விளைந்துவிடுகிறது. பேச்சில் அது அதிகம் தெரியாது. த்ராட்டிலில் தெரியும், எரிபொருள் கணக்கில் தெரியும், யார் எப்போது வாயை மூடிக்கொள்கிறார் என்பதில் தெரியும். இணைய விளையாட்டு என்றாலே கூச்சலும் வசவும் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் இந்த அலைவரிசையில் காது வைத்துப் பார்க்கவேண்டும். பல நிமிடங்களுக்கு எதுவுமே கேட்காமல் போகலாம்.

புறப்படுமுன் வருகைப் பதிவு. தலைவர் அணியின் பெயரைச் சொல்வார். ‘டூ’, ‘த்ரீ’, ‘ஃபோர்’ என்று மற்ற மூவரும் தங்கள் எண்ணை மட்டும் சொல்வார்கள். பழகிய அணியில் இந்த மூன்று சொற்களும் ஒரே தாளத்தில் விழும். ஒருவர் குரல் அடங்கி அடுத்தவர் குரல் எழும் இடைவெளியின் அளவு மாறாது. ‘த்ரீ’ வரவேண்டிய இடத்தில் மௌனம் இருந்தால் ‘ஃபோர்’ முந்திக்கொள்ளமாட்டார். அந்த மௌனத்திலேயே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும்: மூன்றாமவர் ரேடியோவைத் தப்பாகத் திருகி வைத்திருக்கிறார், அல்லது அவர் வீட்டில் குழந்தை விழித்துக்கொண்டது. தலைவர் சற்றுப் பொறுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். யாரும் எதையும் விசாரிப்பதில்லை.

ரேடியோ என்றேன். டிஸ்கார்ட் என்ற செயலியில் தொலைபேசி போலத் தெளிவாகப் பேசிக்கொள்ள வழியிருக்கிறது. பெரும்பாலான டிசிஎஸ் ஸ்குவாட்ரன்கள் பறக்கும்போது அதை விட்டுவிட்டு ‘சிம்பிள் ரேடியோ’ என்ற இலவச மென்பொருளைத்தான் பிடித்துக்கொள்கின்றன. காக்பிட்டில் உள்ள குமிழில் எந்த அலைவரிசையை வைத்திருக்கிறோமோ அதில் வருவது மட்டும்தான் காதில் விழும். குரலில் கரகரப்பு சேரும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சை மற்றவர் பேச்சு கெடுக்கும். நடுவில் மலை வந்தால் குரல் அறுந்துபோகும்படியும் வைத்துக்கொள்ளலாம். நல்ல கருவி கையில் இருக்க, கெட்ட கருவியைத் தேடிப் போகிற இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது. நான் வாய் திறந்தால் இன்னொருவர் வாயை அடைக்கிறேன் என்று தெரிந்தவுடன் பேச்சு தானாகச் சிக்கனமாகிறது. எச்சரிக்கை சொல்லவேண்டியவருக்கு வழி திறந்தே இருக்கவேண்டும் என்று பத்துப் பேர் பேசாமல் இருக்கிறார்கள்.

அந்தச் சிக்கனத்திலும் ஒரு நுட்பம் உண்டு. நேட்டோ விமானிகளின் சுருக்கச் சொற்களைத்தான் இவர்களும் பயன்படுத்துகிறார்கள். எதிரியைக் கண்ணால் பார்த்துவிட்டால் ‘டாலி’. பார்க்கவில்லை என்றால் ‘நோ ஜாய்’. ஆனால் பார்க்கப்படுபவர் நம்மவராக இருந்தால் இவை இரண்டும் செல்லாது. நண்பரைப் பார்த்துவிட்டால் ‘விஷுவல்’. நண்பரைக் காணவில்லை என்றால் ‘பிளைண்ட்’. எதிரியைத் தொலைத்தால் சண்டை ஒரு சுற்றுத் தள்ளிப்போகும். நண்பரைத் தொலைத்தால் அடுத்த திருப்பத்தில் இருவரும் மோதிக்கொள்ளலாம். அதனால் ‘பிளைண்ட்’ என்ற சொல் அலைவரிசையில் விழுந்ததும் மற்றதெல்லாம் நிற்கும். தலைவர் தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்வார்: உனக்கு இடப்பக்கம், கொஞ்சம் மேலே, சூரியனுக்குக் கீழே. தேவையானால் இறக்கைகளை ஆட்டிக் காட்டுவார், வெயில் பட்டு மின்னட்டும் என்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். தனியே எங்கோ சுற்றிக்கொண்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோல் மௌனமாக இருப்பார்கள். காணவில்லை என்று உடனே சொல்லிவிடப் பழகுகிற நாளில்தான் அவர் அணிக்குள் வந்தார் என்று மூத்தவர்கள் கணக்கு வைக்கிறார்கள்.

நான்கு விமானங்கள் நிற்கும் வரிசைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மானிய விமானிகள், குறிப்பாக வெர்னர் மோல்டர்ஸ், 1938-ல் செப்பனிட்ட வடிவம் அது. கையை விரித்து மேசைமேல் வைத்தால் கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல் நுனிகள் எப்படி நிற்குமோ அப்படி. அப்போது பிரிட்டிஷ் விமானப்படை மூன்று மூன்றாக நெருங்கிப் பறந்துகொண்டிருந்தது. பார்க்க அழகு. ஆனால் பக்கத்து இறக்கையில் இடித்துவிடாமல் இருக்கவே விமானியின் கண் முழுக்கச் செலவாகிவிடும்; வானத்தைப் பார்க்க மிச்சம் இருக்காது. நால்விரல் வரிசையில் ஆளுக்கு ஆள் தூரம் அதிகம். அந்தத் தூரம் இருப்பதால்தான் ஒருவர் முதுகை இன்னொருவரால் பார்க்க முடிகிறது. திரையில் பறக்கிறவர்கள் முதலில் கற்கவேண்டியதும் இதுதான். நண்பர் என்றால் ஒட்டிக்கொண்டு வரவேண்டும் என்று தோன்றும். விலகி வா, என் வாலைப் பார் என்பார் தலைவர்.

வாலைப் பார்ப்பதற்குக் கழுத்து வேண்டும். ஹெட்செட்டில் ஒரு சிறு கிளிப்பைச் செருகிக்கொள்கிறார்கள். திரைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அகச்சிவப்புக் கேமரா அதன் அசைவைப் படிக்கும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் காக்பிட்டுக்குள் முழுக்கத் திரும்பிப் பின்புறம் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது வேடிக்கையாக இருக்கும்: முகம் ஜன்னல் பக்கம், கண்மணி மட்டும் கடைக்கோடியில் திரையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம். மறுநாள் கழுத்து வலிக்கும். வலிப்பது இன்னொருவர் வாலைப் பார்த்ததற்கு.

இரண்டு பேர் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ‘தாச் வீவ்’ என்ற உத்தியைவிட அழகான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. 1941-ல் அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச், ஜப்பானின் ஜீரோ விமானத்தைப் பற்றி வந்த தகவல்களைப் படித்துவிட்டு, தன் வீட்டுச் சமையலறை மேசையில் தீக்குச்சிகளை விமானங்களாக வைத்து நகர்த்தி நகர்த்தி இதைக் கண்டுபிடித்தார். ஜீரோ சட்டென்று திரும்பும், விறுவிறுவென்று ஏறும்; அமெரிக்கரின் வைல்ட்கேட்டுக்கு அது முடியாது. தனியாக நின்றால் வைல்ட்கேட் தோற்கும். இரண்டு வைல்ட்கேட்கள் பக்கவாட்டில் தூரம் விட்டுப் பறந்தால்? ஒன்றின் பின்னால் ஜீரோ வந்து ஒட்டிக்கொண்டதும் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பும். துரத்தப்படுகிறவர் நண்பரின் மூக்குக்கு முன்னால் குறுக்காகப் போவார். அவரைத் துரத்தி வருகிற ஜீரோ நண்பரின் துப்பாக்கிக்கு நேராக வந்து நிற்கும். 1942 ஜூன் 4, மிட்வே சண்டையில் தாச் இதை முதன்முதலில் நிஜத்தில் செய்துகாட்டினார்.

தீக்குச்சியில் எளிது. ஐஎல்-2-வில் செய்து பார்த்தால்தான் உள்ளே இருக்கும் சிக்கல் தெரியும். என் பின்னால் இருப்பவனை என்னால் சுட முடியாது. பயத்தில் கை எதிர்ப்பக்கம்தான் இழுக்கும், நண்பரை விட்டு விலகி. அந்த இழுப்பை அடக்கிக்கொண்டு, தோட்டாக்கள் இறக்கையைக் கிழித்துக்கொண்டிருக்கும்போதே, எதிரே வருகிற நண்பரை நோக்கித் திரும்பவேண்டும். மோதிவிடுவோம் என்று தோன்றும் தூரத்தில் இருவரும் கடப்பார்கள். சுட்டு வீழ்த்திய கணக்கு நண்பருக்குப் போகும். இரையாக நின்றவருக்கு ஒன்றும் சேராது. இதைச் சரியாகச் செய்யும் இணைகளில், கடக்கும் அந்த நொடியில் ஒரு வார்த்தைகூட இருக்காது. சொல்லிக்கொண்டு செய்ய நேரம் கிடையாது. முன்பு பல மாலைகளில் வெறும் வானத்தில், எதிரியே இல்லாமல், திரும்பித் திரும்பிப் பழகியதுதான் அங்கே வேலை செய்கிறது.

புகழ் சேராத இடத்தை விரும்பி எடுத்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2019-ல் டிசிஎஸ்ஸுக்கு எஃப்-14 டாம்கேட் வந்தது. இரண்டு இருக்கைகள். பின்னிருக்கையில் உட்காருகிறவருக்கு ரேடார், ரேடியோ, வழிகாட்டும் கருவிகள் எல்லாம் உண்டு. விமானத்தைத் திருப்பும் கோல் மட்டும் கிடையாது. நிஜ டாம்கேட்டிலும் அப்படித்தான். வீட்டில் செலவழித்து வாங்கிய ஜாய்ஸ்டிக்கை மேசையோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் இன்னொருவர் ஓட்டும் விமானத்தில், பச்சை வட்டத்தில் தெரியும் புள்ளிகளைப் பார்த்துத் தூரமும் திசையும் சொல்லிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பின்னிருக்கை வேலையைச் செய்ய ‘ஜெஸ்டர்’ என்ற கணினிக் குரல் அந்த விளையாட்டிலேயே இருக்கிறது. ஆள் கிடைக்காத நாளில் அதை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரே ஜோடியாக நெடுநாள் பறந்தவர்களிடம் கேட்டால், ஜெஸ்டர் எல்லாம் சரியாகச் செய்யும், ஆனால் நான் சண்டையில் மூச்சுத் திணறும்போது பேச்சைக் குறைத்துக்கொள்ளத் தெரியாது என்பார்கள். ஐஎல்-2 குண்டுவீச்சு விமானங்களில் பின்புறத் துப்பாக்கியில் உட்காரும் நண்பரின் நிலைமை இன்னும் விசேஷம். போகிற இடம் அவருக்குத் தெரியவே தெரியாது. கடந்த இடம் மட்டும்தான் தெரியும்.

வானில் எரிபொருள் நிரப்புவது இவர்களுக்கெல்லாம் ஒரு பெரிய பரீட்சை. டேங்கர் விமானத்தின் பின்னால் நீளக் குழாய் தொங்கும். அதன் நுனியில் கூடை. ஹார்னெட் போர் விமானத்தின் மூக்கருகே வலப்பக்கம் நீட்டும் குழலை அந்தக் கூடைக்குள் செருகவேண்டும். கூடையையே வெறித்துப் பார்த்தால் கை தானாகத் துரத்த ஆரம்பிக்கும். விமானம் மேலும் கீழும் துள்ளும். துள்ளலை அடக்கப் போனால் துள்ளல் பெருகும். அருகே பறந்துவரும் மூத்தவர் சொல்லும் யோசனை ஒன்று நிஜ விமானிகளிடமிருந்து வந்தது: கால்விரல்களை ஆட்டு. காலைக் கவனிக்கப் போன மனசு கையை இறுக்குவதை மறந்துவிடும். ஒரு புதியவர் நான்காவது முறையும் கூடையைத் தவறவிடும்போது, இந்த ஒரு வாக்கியத்தை எரிச்சலில்லாத குரலில் சொல்வதற்கு ஒரு தனித் தகுதி வேண்டும்.

ஏனென்றால் பொறுமைக்கு அங்கே விலை உண்டு. முறைப்படி, நிரப்பவேண்டியவர்கள் டேங்கருக்கு இடப்பக்கம் வரிசையாகக் காத்திருக்கவேண்டும். நிரப்பி முடித்தவர் வலப்பக்கம் போய் நிற்கவேண்டும். ஒருவர் தடுமாறுகிற நேரமெல்லாம் இடப்பக்கம் நிற்பவர்களின் எரிபொருள் எரிந்துகொண்டிருக்கிறது. அணியின் எரிபொருளைத் தலைவர் விசாரிக்கும்போது ஒவ்வொருவரும் தன்னிடம் எவ்வளவு என்று சொல்வார். பின்னால் வருகிறவர்களிடம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். வரிசை காக்க அவர்கள் த்ராட்டிலை ஓயாமல் ஏற்றி இறக்குவதால் செலவு கூடுகிறது. திட்டம் போடுவது தலைவரின் இருப்பை வைத்து அல்ல. யாரிடம் குறைவோ அவருடைய இருப்பை வைத்து. இலக்கு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நாலாமவர் ‘பிங்கோ’, அதாவது வீடு திரும்பும் அளவுக்குத்தான் எரிபொருள் மிச்சம், என்றால் நால்வரும் திரும்புவார்கள்.

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவது இன்னொரு விருந்து. டிசிஎஸ்ஸுக்கு 2020-ல் வந்த ‘சூப்பர்கேரியர்’ தொகுப்பில் நிமிட்ஸ் வகைக் கப்பல்களின் தளத்தில் ஓர் ஆள் நின்று, வருகிற விமானங்களைக் கண்ணால் பார்த்து வழிநடத்தலாம். குறுக்கே நான்கு கம்பிவடங்கள். மூன்றாவதைக் கொக்கி பிடித்தால் உத்தமம். பார்த்து நிற்பவர் கடற்படையின் சுருக்கெழுத்தில் மதிப்பெண் குறிப்பார். அந்தச் சுருக்கெழுத்தின் நாகரிகத்தைப் பாருங்கள்: ஒரு பிழையின் எழுத்தை அடைப்புக்குறிக்குள் போட்டால் அது ‘கொஞ்சம்’, அடியில் கோடு போட்டால் ‘ரொம்ப’. கொஞ்சம் உயரம், நடுவில் ரொம்ப வேகம், கடைசியில் கொஞ்சம் இடது என்று பதினைந்து விநாடிச் சரித்திரம் ஒரே வரியில் அடங்கிவிடும். இறங்கியவர் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்திருப்பார். குறிப்பு வேறு சொல்லும். வாதாடுவது வழக்கமில்லை. தளத்தில் நிற்கிறவரும் அன்று பறக்க ஆசைப்பட்டு வந்தவர்தான் என்பது வாதாட நினைக்கிறவருக்குத் தெரியும்.

நேரக் கணக்கு ஒரு தனிக் கதை. ஜெர்மனியில் இரவு எட்டு என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் பிற்பகல் இரண்டு. குளிர்காலமாக இருந்தால் சென்னையில் நள்ளிரவு தாண்டி அரைமணி. மார்ச் வந்தால் குழப்பம்: அமெரிக்கர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் ஐரோப்பியர்கள் தள்ளுவார்கள். அந்த வாரங்களில் அமெரிக்கர் யாராவது ஒரு மணி நேரம் முன்பே வந்து, ஆளில்லாத பாத்தூமி ஓடுபாதையில் தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். ஜார்ஜியா நாட்டுக் கருங்கடல் ஓரத்தில் இருக்கும் இந்தப் பாத்தூமியை டிசிஎஸ்காரர்கள் தங்கள் சொந்த ஊர் விமான நிலையத்தைவிட நன்றாக அறிவார்கள். இலவசமாகக் கிடைக்கும் காகசஸ் நிலப்படத்தில் எல்லோரும் முதலில் எழுந்து விழுந்து பழகிய இடம். கடலை நோக்கித்தான் எழவேண்டும், பின்னால் மலை.

தூரம் இன்னொரு வகையிலும் உறவுக்குள் வரும். மிகத் தொலைவிலிருந்து இணைகிறவரின் விமானம் மற்றவர் திரைகளில் சில சமயம் அதிரும், சட்டென்று ஒரு துள்ளுத் துள்ளி இடம் மாறும். நெருங்கிப் பறந்தால் மோதல் நிச்சயம். அவர் தன் திரையில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் அழகாகத்தான் பறந்துகொண்டிருப்பார். அந்த அழகு யாருக்கும் தெரியாது. பழகிய அணியினர் அவருக்கு மட்டும் சற்றுக் கூடுதலாக இடம் விட்டு நிற்பார்கள். சொல்லிக்காட்டாமல்.

இந்தப் பழக்கவழக்கங்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று தேடினால் 1980களின் இறுதிக்குப் போகவேண்டும். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் ஊரில் கெஸ்மாய் என்ற நிறுவனம் உண்டாக்கிய ‘ஏர் வாரியர்’, ‘ஜீனி’ என்ற கணினி வலைப்பின்னலில் நடந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக, மணிக்கணக்கில் கட்டணம் கட்டி ஆடினார்கள். குரல் கிடையாது, பறந்துகொண்டே ஒரு கையால் தட்டச்சு செய்தார்கள். நண்பனின் வாலில் எதிரி என்று எச்சரிக்க, பின்பக்கத்தைக் குறிக்கும் ‘6’ என்ற ஒற்றை எண் போதும். எதிராளி நன்றாக ஆடி வீழ்த்திவிட்டால் தோற்றவர் சல்யூட் அடிப்பார்: ஆங்கில ‘எஸ்’ எழுத்து, இரு பக்கமும் கோணக்குறி. பின்னால் ஐஎல்-2 காலத்தில் அது எஸ்ஸும் ஓர் ஆச்சரியக்குறியுமாகச் சுருங்கியது. இன்றும் வழங்குகிறது. விழுந்துகொண்டிருக்கும் விமானத்தில், தரை நெருங்குமுன், இரண்டு விசைகளைத் தட்ட ஒருவர் நேரம் ஒதுக்குகிறார்.

ஒரு நெருடலையும் சொல்லிவிடுகிறேன். இவர்கள் இவ்வளவு கனிவோடு பறக்கும் இயந்திரங்கள் ஆட்களைக் கொல்லச் செய்யப்பட்டவை. ஸ்டாலின்கிராட் மேல் திரையில் பறக்கும்போது கீழே தெரிவது வெறும் இடிபாட்டு ஓவியம். அங்கே செத்தவர்கள் நிஜம். இதை மறந்தே போகிற அணிகள் உண்டு. மறக்காதவர்களும் உண்டு, ஒரு படைப்பிரிவின் பெயரையும் சின்னத்தையும் எடுத்துக்கொள்ளுமுன் அது என்ன செய்தது என்று படித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று விட்டவர்கள். எனக்கு இரண்டாமவர்களின் நட்பில்தான் நம்பிக்கை.

திரையில் சாவுக்கு விலை கிடையாது, விசையைத் தட்டினால் மறுபடி பிறக்கலாம். ஆகவே சில ஸ்குவாட்ரன்கள் தாங்களாகவே விலை வைத்துக்கொள்கின்றன: ஓர் இரவுக்கு ஒரே உயிர். விழுந்தவர் விழுந்தவர்தான். தன்னை வீழ்த்தியவன் எந்த மேகத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், சொல்லக்கூடாது. செத்தவர் பேசுவதில்லை. அவர் அலைவரிசையை விட்டு விலகி, முன்னமே விழுந்தவர்கள் கூடியிருக்கும் வேறு சேனலுக்குப் போகவேண்டும். அன்றைய இரவின் மிகக் கலகலப்பான பேச்சு அங்கேதான் நடக்கும்.

இவர்கள் யார் கண்ணிலும் அதிகம் படாத ஒருவர் உண்டு: மிஷன் செய்பவர். எதிரி எங்கிருந்து எத்தனை மணிக்கு எழவேண்டும், எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கி, மேகம் எவ்வளவு தாழ்வாக என்று வாரம் முழுக்க உட்கார்ந்து கட்டுவார். பறக்கும் இரவில் முதல் கால்மணியிலேயே அணியில் பாதிப் பேர் தவறான பள்ளத்தாக்கில் நுழைந்து அவருடைய கதையின் நடுப்பகுதியைப் பார்க்காமலே போய்விடுவார்கள். அவர் வருந்துவதாகத் தெரியாது. தேவையில்லாத பொருள்களை வைப்பதில்தான் அவருக்குத் தனி இன்பம். கொபுலெத்தியிலிருந்து தெற்கே போகும் கடலோரச் சாலையில் ஓர் இகாரஸ் பஸ். சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாலாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து அது யார் கண்ணிலும் படப்போவதுமில்லை.

எல்லோரும் இறங்கியபின், அல்லது விழுந்தபின், ‘டாக்வியூ’ என்ற மென்பொருளைத் திறப்பார்கள். அன்றைய பறத்தல் முழுவதும் அதில் பதிவாகியிருக்கும். ஒவ்வொரு விமானமும் பின்னால் ஒரு வண்ண நாடாவை இழுத்துக்கொண்டு வரும். காலத்தை நிறுத்தலாம், பின்னால் தள்ளலாம். நல்ல அணிகளில் தலைவர் தன் பிழையை முதலில் எடுத்துப் போடுவார்: இந்த இடத்தில் நான் சீக்கிரம் திரும்பிவிட்டேன், டூவுக்கு இடமே விடவில்லை. அதற்குப் பிறகு மற்றவர்கள் தத்தம் பிழைகளைச் சொல்வதில் கஷ்டம் இருக்காது. நயமான இடங்களும் வரும். இரண்டு நாடாக்கள் எதிரெதிரே வளைந்து, ஒரு கயிற்றுமுடிச்சு போலக் கடந்து பிரிகிற இடம் வந்தால், கச்சேரியில் நல்ல சங்கதிக்குத் தலையாட்டுகிறவர்கள் மாதிரி, மறுபடி ஒருமுறை போடு என்பார்கள். அந்த முடிச்சைப் போட்ட இருவரில் ஒருவர் பின்லாந்தில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்; மற்றவர் மனைவிக்குப் பதில் சொல்ல மைக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பார்.

இப்படி வருடக்கணக்கில் குரலால் மட்டும் பழகியவர்கள், இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்ட் மாதிரி ஏதாவது விமான அருங்காட்சியகத்தில் நேரில் கூடுவதும் உண்டு. முகம் அந்நியமாக இருக்கும். வாயைத் திறந்ததும் ஆள் தெரிந்துவிடும். அலைவரிசையில் வழங்கிய பெயர்தான் அங்கும் செல்லுபடியாகும். ஒருவரின் பக்கத்தில் நிற்கும் மனைவி அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறார் என்று மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உறுப்பினர் ஒருவர் இறந்துபோனால் செய்தி தாமதமாகத்தான் வரும், பெரும்பாலும் வீட்டார் யாராவது அவர் கணக்கைத் திறந்து எழுதும்போது. அந்த வாரம் சண்டை இருக்காது. நால்விரல் வரிசையில் பறந்துபோய், ஓரிடத்தில் ஒருவர் மட்டும் மூக்கை நிமிர்த்தி மேலே ஏறி விலக, அவர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டே மற்ற மூவரும் நேராகப் போவார்கள். நிஜப் படைகளின் மரியாதைதான். இரவல் என்பதால் குறையொன்றுமில்லை. அடுத்த வாரம் வழக்கம்போல் சண்டை.

டாக்வியூவில் நடக்கும் ஒரு சமாசாரத்தை விட்டுவிட்டேன். பதிவை ஓட்டிக்கொண்டே வரும்போது, யாரோ ஒருவர் படத்தைப் பெரிதாக்கி, கீழே ஊர்ந்து போகும் ஒரு புள்ளியைக் காட்டி, இது என்ன என்று கேட்பார். சற்று நேரம் யாரும் பேசமாட்டார்கள். பஸ் என்று மிஷன் செய்தவர் சொல்வார். பஸ்ஸா? ஆமாம், எட்டு ஐந்துக்குக் கொபுலெத்தியில் கிளம்பும், பாத்தூமி போகும். வழியில் நிற்குமா என்று ஒருவர் கேட்பார். இரண்டு நிறுத்தம் வைத்திருக்கிறேன் என்பார் அவர். இதற்குமேல் சண்டையைப் பற்றி அங்கே பேச்சு நடக்காது. பதிவைப் பின்னால் தள்ளு, முதல் நிறுத்தத்தைப் பார்க்கலாம் என்பார்கள்.